ஐயத்தின் அறம்

சான்றை ஐயுறுவது குற்றமா? அன்று, ஆராயாமல் ஏற்பதே அறிவுக்கு இழுக்கு. ஆயினும் ஐயத்திற்கும் ஓர் அறம் உண்டென்பது நம் கருத்து.

அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகினம் 1982இல் 22 பறவைகளாகக் குறுகிற்று. கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்ட பின்னும் அவை ஈய நஞ்சால் மாண்டன. வேட்டையில் எஞ்சிய உடல்களைத் தின்கையில் குண்டுச் சிதறல்களையும் விழுங்குகின்றன என்றனர் ஆய்வாளர். “பழைய வண்ணப்பூச்சிலும் ஈயம் உண்டே, பழி குண்டின்மீது மட்டும் ஏன்?” என்று வேட்டையாடுவோர் தரப்பில் வினவினர். முறையான வினாவே!

ஈயம் பிறந்த இடத்திற்கேற்ப அதன் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். அவ்வழியே குருதியைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு, சில பறவைகளின் நஞ்சு பழைய தீக்காவல் கோபுரமொன்றின் பூச்சிலிருந்து வந்ததென ஒப்பியது. பெரும்பாலானவற்றிலோ குண்டின் அடையாளத்தையே கண்டது. 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக்குண்டு தடைசெய்யப்பட்டது.

ஐயுற்றோர் கூற்றில் ஒரு பங்கு மெய்தான். அச்சிறு பங்கைக் காட்டிப் பெரும்பங்கை மறைப்பது நேர்மையாகுமா? விடை வந்த பின்னும் அதே வினாவை எழுப்புவோர் உண்மையைத் தேடவில்லை. தம் வழக்கத்தையே காக்கின்றனர்.

எந்தச் சான்று கிடைத்தால் நாம் மனம் மாறுவோம்? ஐயம் எழும்போதெல்லாம் நம்மையே இவ்வாறு கேட்டுக்கொள்வோம். எதுவும் மாற்றாதெனில், அது ஐயமன்று, பிடிவாதமே.