விருந்தாளி வந்தாச்சு, வீட்டுக்காரர் எங்கே?

கிராமங்கள் காலியாகுதே, என்ன பண்ணலாம் என்று கேட்டால் இப்போது பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: இயற்கைச் சுற்றுலா. மலை ஏறட்டும், ஆற்றில் படகு விடட்டும், சைக்கிள் ஓட்டட்டும். வெளியாட்கள் வந்தால் காசு வரும், ஊர் பிழைக்கும். நம்ம பேராக்கில் இது வெறும் பேச்சு இல்லை. 1985-இல் ஈய விலை சரிந்தபின் ஈயத்தை நம்பியிருந்த ஊர்கள் எல்லாம் களையிழந்தன. அவற்றில் ஒன்றான கோப்பெங்குக்கு இன்று கம்பார் ஆற்றில் ராஃப்டிங் போகவும், தெம்புரோங் குகையைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய ஜியோபார்க் ஆனது. நல்ல செய்திதான். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி: உயிர் பெறுவது ஊரா, இல்லை வெறும் இடமா?

இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பத்து காஜா பக்கம் இருக்கும் கெல்லி கோட்டையைப் பாருங்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத்துரை 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அதற்காக மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் செத்தபோது, மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகவும், துரை கட்டிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். பக்கத்திலேயே அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது. 1926-இல் துரை லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் பேய்க்கதை கேட்கிறார்கள், சுரங்கப்பாதையைத் தேடுகிறார்கள். செங்கல் சுமந்த ஜனங்கள் யார், அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்கிறவர்கள் குறைவு. இடம் பிழைத்துவிட்டது. ஊர் பிழைத்ததா?

நம் தோட்டங்களின் கதையும் இதேதான். ரப்பர் போய் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போச்சு. என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இப்போது லயம் இல்லை, கோயில் மட்டும்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு வருஷத்தில் ஒருநாள் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எல்லாரும் வந்து கூடுகிறோம். அன்று ஒருநாள்தான் அது ஊர்.

எஞ்சினியரிங்கில் எந்த இயந்திரத்தைப் படித்தாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போடுவோம். கோட்டைத் தாண்டி உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். ஒரு கிராமத்தைச் சுற்றியும் அப்படி ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பயணிகள் வேனில் வருகிறார்கள். வேன் வெளியூர்க்காரருடையது, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது, வழிகாட்டியும் வெளியாள். காசு வந்த வேனிலேயே திரும்பிப் போய்விடும். ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான்.

மாறாகவும் நடக்கும் என்பதற்கு கோப்பெங் பக்கமே சாட்சி இருக்கிறது. உலு கெரோவில் வாழும் செமாய் பூர்வக்குடி மக்கள் ஒருகாலத்தில் ரஃப்ளேசியா மொட்டுகளை மருந்துக்காகப் பறித்து விற்றார்கள், வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து விற்றார்கள். இன்று அதே காட்டுக்கு அவர்களே வழிகாட்டிகள். ரஃப்ளேசியா மலர்ந்தால் ஒரு வாரம் நிற்பதே அதிகம். எந்தப் பூ மலர்ந்திருக்கிறது, எவ்வளவு கிட்டே போகலாம் என்பதை அந்தக் காட்டை அறிந்தவர்தான் சொல்ல முடியும். அங்கே விருந்தாளியை வரவேற்க வீட்டுக்காரர் இருக்கிறார்.

நம் பழைய தோட்டங்களிலும் இப்படி ஒரு நடைப்பயணப் பாதை போடலாமே என்று பாட்டியிடம் சொன்னேன். பாட்டி முகம் மாறிவிட்டது. "நாங்க பட்ட கஷ்டத்தையா டிக்கெட் போட்டு விக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது பாவம்தான். ஆனால் ஒருவரை வேடிக்கை பார்ப்பதும், அவரே நம்மை அழைத்துப் போய்க் காட்டுவதும் ஒன்றாகாது. விடியுமுன் பிரட்டுக்குக் கிளம்பியது, மரத்தில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டு, எந்த ஓடையோரம் என்ன கீரை முளைக்கும் என்பது, இதெல்லாம் பாட்டிக்குத் தெரிந்த வித்தை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்யும் உரிமையும், வருகிற வருமானமும் அவர் கையில் இருந்தால் அதில் கேவலம் எதுவும் இல்லை. அந்த உரிமை இல்லையென்றால் பாட்டி சொன்னதுதான் சரி. அப்படிப்பட்ட சுற்றுலா நமக்கு வேண்டாம்.

நிலம் நம் பெயரில் இல்லை, உண்மைதான். பாதை போட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் பாதை தெரிந்த பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள். அனுமதி வரும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நம் இளைஞர்கள் தோட்டக் கோயில்களுக்குக் கோத்தோங் ரோயோங் போகிறோம், கூட்டுகிறோம், சாயம் அடிக்கிறோம். அடுத்த முறை அங்கே வாழ்ந்த ஒரு பெரியவரையும் கூட்டிப் போவோம். லயம் எங்கே இருந்தது, கிணறு எங்கே, பிரட்டுக் களம் எங்கே என்று அவர் முன்னால் நடந்து காட்டட்டும். நாம் பின்னால் நடந்து, கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வோம். வெளியார் வருவது அப்புறம். முதல் விருந்தாளிகளாக நாமே போவோம்.