கொப்பியைத் திற, பிள்ளை!

“நாங்கள் படிக்கிற பிள்ளைகள். எங்களால் என்ன செய்ய ஏலும்?”

வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை, கோணேசபுரி வளாகத்துப் பிள்ளையின் வாயில் வரக்கூடாத கேள்வி இது. காசு இல்லை, படகு இல்லை, பதவி இல்லை என்று உன்னை நீயே கழித்துக்கொண்டு போனால் கடைசியில் சைபர்தான் மிஞ்சும். கழிப்பதை நிறுத்து தம்பி. நிறுத்து தங்கச்சி. உன் கையில் என்ன இருக்கிறது என்று கூட்டிப் பார். எப்படிக் கூட்டுவது என்று தெரியாவிட்டால் உன்னுடைய பல்கலைக்கழகத்தின் கதையையே சொல்கிறேன், கேள்.

1990. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது நாலே வயது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல்தான் முழுப் பல்கலைக்கழகமானது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. ஊரை விட்டோடிய சனம் அதன் வந்தாறுமூலை வளாகத்துக்குள் வந்து குவிந்தது. 45,000 பேர் வரை அங்கே தஞ்சமடைந்ததாகச் சொல்லப்படுகிறது. நாலு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு நகரத்தையே ஏற்றியதுபோல!

அந்த முகாமை நடத்தியவர்கள் யார்? விரிவுரையாளர்கள். பொறுப்பாளர்களில் ஒருவரான த. ஜெயசிங்கம் தாவரவியல் ஆசிரியர். அகதி முகாம் நடத்த எந்தப் பாடத்திட்டம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது? எந்தப் பட்டம் அவரைத் தயார்செய்தது? “இது என் துறை இல்லை” என்று அவர் ஒதுங்கவில்லை. வந்த சனத்துக்கு முன்னால் நின்றார். அவ்வளவுதான் தகுதி.

செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் வளாகத்துக்குள் வந்தது. 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் அவசரப்படாமல் வாசி. துப்பாக்கியைத் தடுக்க அந்த ஆசிரியர்களால் முடியவில்லை. ஆனால் “யாரோ கொஞ்சப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம்” என்று அந்த உயிர்கள் ஊர்ப்பேச்சில் கரைந்துபோக அவர்கள் விடவில்லை. 158 என்ற எண் எங்கிருந்து வந்தது? அங்கே எண்ணுவதற்கு ஆள் இருந்தது. 1994இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் அவர்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள். அத்தனை பேரும் கைதானதற்கு வலுவான சான்று உண்டு என்று ஆணைக்குழுவே எழுதவேண்டி வந்தது. நீதி இன்னும் வரவில்லை. அது நெஞ்சை எரிக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை இன்றுவரை ஒருவராலும் அழிக்க முடியவில்லை. ஜெயசிங்கம் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் இருந்தார்.

இப்போது உன் ஊருக்கு வா. நெருப்பு, கடல், ஆறு மூன்றின் கோபத்தையும் பார்த்த மண் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்க, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தது. 2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்து, அதன் பின்னால் மாவிலாறு உடைப்பெடுத்தது. மூதூரும் வெருகலும் சேருவிலவும் பட்ட பாட்டை நீ படத்தில் பார்த்திருப்பாய், அல்லது இடுப்பளவு தண்ணீரில் நின்றே பார்த்திருப்பாய்.

ஒரு பாடசாலை மண்டபத்தை மனதில் கொண்டுவா. இரவு முழுக்க நனைந்த சனம். ஓர் அம்மா ஈர அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். கிராம உத்தியோகத்தர் ஒருவர்; அவரைச் சுற்றி இருநூறு பேர். அந்த நேரத்தில் அங்கே எது பஞ்சம்? பாண் எப்படியோ வந்துவிடும். கோடு போட்ட ஒரு பக்கமும், பதறாமல் எழுதுகிற ஒரு கையும்தான் கிடைக்காது. பெயர், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர், பால் குடிக்கிற பிள்ளை உண்டா, இன்சுலின் போடுகிறவர் யார், மாதமான பெண் யார். இவ்வளவையும் ஒருத்தி உட்கார்ந்து எழுதினால் பின்னேரம் வரும் லொறியில் இருந்து எத்தனை பால்மா பெட்டி இறக்குவது என்று தெரியும். எழுதாவிட்டால் சத்தம் போடுகிறவருக்கு மூன்று பார்சல். மூலையில் முடங்கிக் கிடக்கும் ஆச்சிக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒருத்தி ஏன் நீயாக இருக்கக்கூடாது?

சித்த மருத்துவம் படிக்கிறாயா? காலில் புண்ணோடு வருகிறவரைப் பார்த்து, யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று சொல்ல உன் கண் பழகியிருக்கிறது. கணினி படிக்கிறாயா? மூன்று முகாம்களின் பட்டியலை ஒன்றாக்கிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்ப உனக்கு ஒரு மணித்தியாலம் போதும். உன் விடுதி அறையில் சிங்கள நண்பன் இருக்கிறானா? அவன் சேருவிலவில் உனக்காகப் பேசுவான், நீ மூதூரில் அவனுக்காகப் பேசு. பல அமைச்சுகளிடம் இல்லாத பலம் அது. சும்மா புகழ்ந்து சொல்லவில்லை, நம்பியே சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் மாரி வந்துவிடும். இன்றைக்கே கடைக்குப் போய் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கு. முதல் பக்கத்தில் உன் ஒழுங்கையில் தனியே இருக்கும் முதியவர்களின் பெயரையும் அவர்கள் எடுக்கும் மருந்தையும் எழுது. அடுத்த பக்கத்தில் கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் வை.