யாருடைய வலி

வீட்டு நாய்க்கு ஊசி போட்டுவிடலாமா என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. சொன்னவர், சொல்லிவிட்டோமே என்று கூசுகிறார். மற்றவர்கள், தாங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதை மறைக்கிறார்கள். "தானா போகட்டுமே, நாம எதுக்குக் கைய வைக்கணும்?" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியாமல் எல்லோரும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போவார்கள்.

நம் குடும்பங்களில் மரணத்தை யாரும் தீர்மானிப்பதில்லை. அது வரும், நாம் கூட இருப்போம். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த பாட்டிக்கும் வாயில் பால் ஊற்றிக் காத்திருந்தோமே தவிர, நாள் குறிக்கவில்லை. சட்டமும் அப்படித்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் மனிதர்களுக்கு அனுமதித்தது, மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே. ஊசி போட்டு உயிரை முடிக்க இன்றும் அனுமதியில்லை. ஆகவே நாய் வளர்க்கும் ஒருவர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, தன் மடியில் படுத்த ஓர் உயிரின் கடைசி நாளைத் தானே சொல்ல வேண்டியவராகிறார். அதற்கு அவரிடம் சடங்கு இல்லை, பெரியவர்கள் சொல்லிவைத்த வழக்கம் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட இல்லை. "நாய்தானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் ஜூலி நாட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அவளுக்கு வந்தது சிறுநீரகக் கோளாறு. வயதான நாய்களுக்கு அதிகம் வருகிற நோய் இது. மெல்ல வருவதால் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் நிறையக் குடிக்கும். வெயில் என்று நினைப்போம். அடிக்கடி வெளியே போகக் கேட்கும், வயசாகிவிட்டது என்போம். சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பிறகுதான் சோறு இறங்காமல் போகிறது, வாந்தி வருகிறது, வாயில் புண் வருகிறது, மூச்சில் ஒரு கடுநெடி ஏறுகிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் கடைசிக் கட்டம் என்று வகைப்படுத்துகிறார்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ்கூட உண்டு. விஷக்கடியாலோ எலிக்காய்ச்சலாலோ திடீரென்று கெட்ட சிறுநீரகத்துக்கு அது அவகாசம் வாங்கித் தரும். பல காலமாகத் தேய்ந்துபோனதை அது திருப்பித் தராது.

இந்த நோயில் குடும்பத்தைக் கிழிப்பது சலைன்தான். தோலுக்கடியில் அதை ஏற்றினால் அன்று நாய் கொஞ்சம் தெளியும். எழுந்து வாசல்வரை வரும், பால்காரரைப் பார்த்து வாலை ஆட்டும். உடனே வீடே விழித்துக்கொள்ளும்: "பாரு, நல்லாத்தானே இருக்கா!" மறுநாள் மறுபடி கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுவிடும். அந்த ஒரு நாளைப் பார்த்தவர் ஒரு கட்சி, மறுநாளைப் பார்த்தவர் இன்னொரு கட்சி.

வால் ஆடுவதை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். அது நம்மைப் பார்த்ததன் மகிழ்ச்சி. உடம்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நாய்கள் நாட்பட்ட வலிக்குக் கத்துவதும் குறைவு. இரவில் படுக்க முடியாமல் இடம் மாறி மாறி உட்காரும், காரணமில்லாமல் இளைக்கும், தொட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும், வீட்டின் இருட்டான மூலைக்குப் போகும். வலியை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உதவியாக ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்ற கேள்வி. இந்த ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் இன்னும் கவனித்துக்கொண்டே போகலாம் என்பது கணக்கு. எண்களால் தீருகிற விஷயமா இது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்த்தால், எண் பெரிதில்லை. ஜூலியின் உடம்பைப் பற்றி முதல்முறையாக எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம் என்பதுதான் பெரிது. தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு சுழி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வருவதும் அதே வேலையைச் செய்யும். கோடுகள் அடுத்தடுத்து வர ஆரம்பிக்கும்போது யாரும் யாரையும் சமாதானப்படுத்தத் தேவையிருக்காது.

"தானா போகட்டும்" என்பதற்கு வருகிறேன். அதைச் சொல்கிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. கொல்லாமையைப் பேரறமாக வைத்த மொழியில் வளர்ந்தவர்கள் நாம். வாடிய பயிருக்கும் வருந்திய வள்ளலாரின் ஊர்க்காரர்கள். அந்தக் கூச்சம் இல்லாதவர் இந்த முடிவை எடுக்கவே தகுதியற்றவர் என்றுகூடச் சொல்வேன். வீடு மாறுகிறோம், வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நடமாடும் நாயைக் கொண்டுவந்து ஊசி போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும் மருத்துவர்களை நான் வணங்குகிறேன்.

ஆனால் தானாகப் போகும் பாதையை வீட்டு நாய்க்கு நாம் எப்போதோ அடைத்துவிட்டோம். கண் திறந்த சில வாரங்களில் தாயிடமிருந்து எடுத்து வந்தோம். என்ன தின்ன வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும், குட்டி போடலாமா கூடாதா, எல்லாம் நாம் சொன்னது. தடுப்பூசி போட்டோம், உண்ணிக் காய்ச்சலிலிருந்து மீட்டோம், சலைன் ஏற்றி நாட்களை நீட்டினோம். அதன் வாழ்வில் ஒவ்வோர் இடத்திலும் கையை வைத்துவிட்டு, கடைசி இடத்தில் மட்டும் இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று கையை எடுத்துக்கொண்டால், அது நம்மிடமிருந்து எதை எதிர்பார்த்துக் கிடக்கிறது என்று யார் பதில் சொல்வது?

இந்த இடத்தில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது காந்தியை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஊனமுற்ற ஒரு கன்றுக்குட்டி வேதனையில் கிடந்தது. முடிந்த சிகிச்சையெல்லாம் செய்தார்கள். இனி வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புரண்டு படுக்கவும் முடியாத வலி. ஆசிரம நிர்வாகக் குழுவிலும் ஆசிரமத்தாரிடமும் காந்தி கலந்து பேசினார். படைக்க முடியாத உயிரைப் பறிக்க நமக்கு உரிமையில்லை என்று ஒரு நண்பர் கடுமையாக எதிர்த்தார். காந்தி கேட்டுக்கொண்டார், பிறகு மருத்துவரை வரவழைத்துத் தன் கண்முன்னே விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதை 'நவஜீவன்' இதழில் அவரே எழுதவும் செய்தார். கோபக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சைக்கு இது ஒரு விலக்கு என்று அவர் சமாளிக்கவில்லை. இதுவே அகிம்சை, அறுவை மருத்துவரின் கத்தியை யாரும் ஹிம்சை என்று சொல்வதில்லையே என்று வாதிட்டார்.

அதே கட்டுரையில், ஆசிரமத்துப் பயிர்களுக்குத் தொல்லையாக இருந்த குரங்குகளைப் பற்றியும் அவர் எழுதினார். அவற்றைக் கொல்ல நேர்ந்தால் அது ஹிம்சைதான் என்று ஒப்புக்கொண்டார். கன்றைக் கொன்றது கன்றுக்காக. குரங்கைக் கொன்றால் அது பயிருக்காக, அதாவது நமக்காக. கை செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான். யாருடைய வலி தீர்வதற்கு என்பதில்தான் வேறுபாடு.

இந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அது இருபுறமும் வெட்டுகிறது. இரவெல்லாம் நனைந்த துணியை மாற்றி, தூக்கி நிறுத்தி, வாந்தியைத் துடைத்து அலுத்த ஒருவர், "முடிச்சிடலாமே" என்று நினைக்கும்போது, அது நாய்க்காகவா தனக்காகவா என்று குற்றவுணர்வு கொள்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முடியவே முடியாது என்று மறுக்கிறவரிடம் அதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவள் இல்லாத வீட்டை என்னால் தாங்க முடியாது, என் கையால் ஓர் உயிர் போயிற்று என்ற நினைப்பை என்னால் சுமக்க முடியாது: இவையும் நம் வலிகள்தான். அவற்றிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ள அந்த நாய் இன்னும் சில வாரம் வாய்ப்புண்ணோடு கிடக்க வேண்டியிருக்கிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிடும் நிலை ஒன்று உண்டு என்பதை 1960இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது அன்பு வைத்தவர்களுக்குத் தெரியாமல் போவது, நம் வலியும் அதன் வலியும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதால்தான்.

நாய்க்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. தீபாவளிக்கு இருக்குமா, மகன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை தாங்குமா என்ற கணக்கெல்லாம் நம்முடையவை. அதற்குத் தெரிவது இப்போது வலிக்கிறது, இப்போது பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்பதே. நாம் அதற்காகக் காத்திருக்கிறோம் என்று நினைக்கும் நேரத்தில், உண்மையில் அது நமக்காகக் காத்திருக்கிறது. அந்த ஊசியில் வலி ஒழிந்துபோவதும் இல்லை. அதன் உடம்பில் இருந்தது நம்மிடம் வந்து சேர்கிறது. இத்தனை ஆண்டு நம் வீட்டில் இருந்த உயிருக்கு நாம் கடைசியாகச் செய்யக்கூடியது, அதை வாங்கிக்கொள்வது.

அந்த நாளில் நடப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்லிவிட வேண்டும். முதலில் மயக்கத்துக்கு ஓர் ஊசி. நாய் தளர்ந்து உறங்கிய பிறகு, முன்னங்கால் நரம்பில் மயக்கமருந்தின் மிகுந்த அளவு செலுத்தப்படும். பென்டோபார்பிட்டல் இதற்கானது, அது எளிதில் கிடைக்காத இடங்களில் தயோபென்டோன். நினைவு முதலில் போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். மொத்தமும் சில நிமிடங்கள். கண்கள் மூடாது. எல்லாம் முடிந்த பிறகும் ஒருமுறை மூச்சு இழுப்பதுபோல் வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். தெரியாதவர்கள் இதைப் பார்த்து, வேதனைப்பட்டுத்தான் போனது என்று ஆயுளுக்கும் நினைத்துக்கொள்கிறார்கள். அது நினைவில்லாத உடம்பின் அசைவு மட்டுமே. ஒன்றை மட்டும் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்: "முதல்ல மயக்கம் கொடுப்பீங்களா, டாக்டர்?" விழித்திருக்கும் நாய்க்கு நேரடியாக இதயத்தை நிறுத்தும் உப்புகளைச் செலுத்துவது கொடுமை. அது கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு, முடிந்தால் அறைக்குள்ளேயே இருங்கள். ஆட்கள் வெளியேறினால் நாய் கதவைப் பார்க்கிறது.

ஜூலியைக் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். ஆழமாகத் தோண்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், வேறு விலங்கு தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

"இன்னும் ரெண்டு நாள் பார்த்திருக்கலாமோ?" என்று அம்மா இப்போதும் கேட்கிறார். "போன வாரமே செஞ்சிருக்கணும்மா" என்பான் அண்ணன். சரியான நாள் என்று ஒன்று தனியாக இருந்து, அதை நாங்கள் தவறவிட்டதாக நான் நினைக்கவில்லை. அதை அம்மாவிடம் வாதாடி நிறுவவும் முயல்வதில்லை. அந்த இரண்டு நாள் ஜூலிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்: காலையில் வாந்தி, வாயில் புண், முதுகில் சலைன் ஊசி, ராத்திரி தூக்கமில்லை. கேட்டுவிட்டு, "ஆமாம், பாவம்" என்பார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்பார். நானும் மறுபடி சொல்வேன்.