நைஸ் மனுஷனா? நல்ல மனுஷனா?

தியானத்துக்கு: சங்கீதம் 55:21, லேவியராகமம் 2:1



நம்ம கம்மாபுரம் பக்கத்திலே, ஏபிசிடி படிக்காத அம்மாமார்கூட தினமும் பேசுகிற ஒரு இங்கிலீஷ் வார்த்தை உண்டு. அதுதான் "நைஸ்". மாவு மில்லில் "நல்லா நைஸா அரைச்சுக் குடுங்க" என்பார்கள். "நைஸா பேசி காரியத்தை முடிச்சிட்டான்", "நைஸா நழுவிட்டான்" என்றும் சொல்வார்கள்.

இதன் பூர்வீகம் தெரியுமா? லத்தீன் பாஷையில் "நெஸ்கியுஸ்" என்றால் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாய் சுமார் 1300-ல் இங்கிலீஷுக்கு வந்தபோது "மூடத்தனமான" என்றுதான் அர்த்தம். பிறகு கூச்சமான, நுணுக்கமான என்று மாறி மாறி, 18-ம் நூற்றாண்டில்தான் "இனிமையான" என்று ஆயிற்று.

பிரியமானவர்களே, வார்த்தை மாறிப்போச்சு. ஆனால் நம்முடைய நைஸுக்குள்ளே அந்தப் பழைய அறியாமை இன்னும் ஒளிந்திருக்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிற அறியாமை!

1. நைஸான தகப்பன்

பிள்ளைகள் செய்ததெல்லாம் ஏலிக்குத் தெரியும். மெதுவாய் நாலு வார்த்தை சொன்னான், அடக்கவில்லை (1 சாமுவேல் 2:22-25, 3:13). ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளும் மாண்டார்கள், உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோயிற்று.

2. நைஸான சம்பந்தி

"நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." ஆகா, எவ்வளவு நைஸான பேச்சு! அதைக் கேட்ட பெண்ணைப் பெற்றவர் ராத்திரி தூங்குவாரா? முந்திரித் தோப்பை அடமானம் வைக்க அல்லவா ஓடுகிறார்! 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கேட்காததுபோல் கேட்டால் சட்டத்தை ஏமாற்றலாம். வெண்ணெய் போன்ற வாய்க்குப் பின்னாலே இருக்கிற யுத்தத்தைக் காண்கிற தேவனை ஏமாற்ற முடியுமா?

ஆகையால் வெளிப்படையாய்ச் சொல்லுகிறேன். பணமும் நகையும் பேசி முடிக்கிற கலியாணத்துக்கு நான் ஜெபிக்க வரமாட்டேன். நம்முடையது சின்ன சபை. நாலு குடும்பம் வருத்தப்பட்டால் பாயில் இடம் காலியாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

3. நைஸான மாவு

அப்படியானால் விசுவாசி முரட்டுத்தனமாய்ப் பேச வேண்டுமா? இல்லை. போஜனபலிக்குக் கர்த்தர் கேட்டது மெல்லிய மா. நம்ம பாஷையில் சொன்னால் நைஸ் மாவு! கல்லில் அரைபட்டு, சலிக்கப்பட்டு, கட்டி இல்லாமல் வந்தது அது. எண்ணெய் அதின்மேல்தான் வார்க்கப்பட்டது. நாக்கு மட்டும் நைஸானால் அது இச்சகம். இருதயம் அரைபட்டு நைஸானால் அது பலி. அப்படிப்பட்டவன் அன்போடு சத்தியத்தைச் சொல்லுவான் (எபேசியர் 4:15). அவன் நைஸ் மனுஷன் அல்ல, நல்ல மனுஷன்.

இந்த மாதம் யார் வீட்டில் சம்பந்தம் பேசுகிறீர்களோ, பேசுமுன்னே முழங்காலில் நில்லுங்கள். "ஆண்டவரே, என் நாக்கை அல்ல, என் இருதயத்தை அரைத்தருளும்" என்று கேளுங்கள். அபிஷேக எண்ணெய் நிச்சயமாய் இறங்கும். ஆமென், அல்லேலூயா!