பெயர் கொடுத்தால்தான் திறக்குமோ?

பங்குகளும் பக்திச் சபைகளும் தமக்கென இணையத்தளம் அமைத்துக்கொள்வது இன்று புதுமையான காரியமல்ல. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளும், கணினி தெரிந்த ஓர் இளைஞரும், இரண்டொரு மாலைப் பொழுதுகளும் இருந்தாற் போதும். தளம் எழுந்த சில நாட்களிலேயே குழுவில் ஒருவர் கேட்பார்: “இதையெல்லாம் கண்டவர் நின்றவர் பார்க்க விடலாமா? பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் என்ன?” இளைஞரும், “அது சின்ன வேலை” என்பார். உண்மையிலேயே சின்ன வேலைதான். ‘பிளகின்’ எனப்படும் செருகுநிரல் ஒன்றைச் சேர்த்து, ஒரு கட்டத்தில் புள்ளடி இட்டுவிட்டால், அப்பக்கத்துக்கு வருபவரிடம் பெயரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். கொடாதவருக்குக் கதவு திறவாது.

வேலை சின்னது என்பதனாலேயே அது சிந்தியாமற் செய்யப்படுகிறது. வாசலில் நின்று, “நீர் யார்? பெயரைச் சொல்லும், பிறகு உள்ளே வாரும்” என்று கேட்க எமக்கு எப்பொழுது உரிமை உண்டு? எப்பொழுது இல்லை? இது கணினிக்காரர் தீர்த்துவைக்கக்கூடிய வினாவல்ல. பங்குச் சபையில் இருந்து பேசித் தீர்க்கவேண்டிய வினா.

திருச்சபையின் கதவு எல்லாருக்கும் எந்நேரமும் திறந்தே இருந்தது, ஆகையால் பூட்டு என்பதே கூடாது என்று சிலர் உடனே சொல்லிவிடுவர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எருசலேமின் ஆயராயிருந்த புனித சிரில் 350ஆம் ஆண்டளவில் திருமுழுக்குப் பெறவிருந்தோருக்கு ஆற்றிய மறையுரைகள் இன்றும் நம் கையில் உள்ளன. அவற்றின் முன்னுரையின் முடிவில் ஒரு குறிப்பு உண்டு. திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களும் அதைப் பெற்றவர்களும் இதை வாசிக்கலாம், மற்றையோருக்குக் கொடுக்கவேண்டாம் என்பது அதன் சாரம். பிரதி எடுப்பவர் அந்தக் குறிப்பையும் சேர்த்தே எழுதவேண்டுமாம்! மிலான் நகரில் புனித அம்புரோசியார் விசுவாசப் பிரமாணத்தை ஏட்டில் எழுதவே விடவில்லை. நெஞ்சில் எழுதிக்கொள்ளும்படி சொன்னார். கர்த்தர் கற்பித்த செபம்கூட ஆயத்தக் காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே கையளிக்கப்பட்டது. ‘பதிவு செய்தவருக்கு மட்டும்’ என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பல்ல என்பதற்கு இவை போதும்.

வேதகலாபனைக்குப் பயந்து அப்படி ஒளித்தார்கள் என்று சொல்வதுண்டு. அது முழுப் பதிலாகாது. 313ஆம் ஆண்டில் கிறிஸ்தவருக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. சிரிலும் அம்புரோசியாரும் அதற்குப் பின் வந்தவர்கள். பயம் நீங்கிய பின்பும் கதவைச் சாத்தி வைத்தார்கள் என்றால் அதற்கு வேறு காரணம் இருந்திருக்கவேண்டும்.

அக்காரணத்தை நமக்குக் காட்டுபவர் எகேரியா என்னும் பெண்மணி. 4ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எருசலேமுக்குத் திருயாத்திரை போனவர். தாம் கண்டதை ஊரிலிருந்த சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். தவக்காலம் தொடங்குமுன் பெயர் கொடுத்தவர்களின் பெயர்கள் எழுதப்படும். மறுநாள் ஆயர் ஆசனத்தில் அமர்ந்திருக்க, ஒவ்வொருவராக முன்னே வருவார்கள். ஆயர் அவர்களுடைய அயலவரிடம் விசாரிப்பார்: இவர் நல்லொழுக்கம் உடையவரா? பெற்றோரை மதிப்பவரா? குடிகாரரா? குற்றம் இல்லையெனக் கண்டால் தம் கையாலேயே பெயரைக் குறித்துக்கொள்வார். குற்றம் கண்டால், திருந்தி வரும்படி சொல்லி அனுப்புவார். இங்கே பெயர் கேட்டவர் ஒரு மனிதர். கேட்டபின் அவரை விசாரித்தார், அதன்பின் வாரக்கணக்காகக் கற்பித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாத்திய கதவு திறப்பதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில் அவர்கள் உள்ளே போனார்கள். உள்ளே அழைத்துச் செல்வதற்காகவே வாசலில் நிறுத்தினார்கள். 1972ஆம் ஆண்டில் வெளியான வளர்ந்தோர் திருமுழுக்கு முறையில் இந்தப் பெயர் எழுதும் சடங்கு மீண்டும் உயிர்பெற்றது.

இனி நம்முடைய செருகுநிரலைப் பாருங்கள். அது அயலவரை விசாரிப்பதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரியை மட்டுமே கேட்கிறது. அதை நிமிடத்தில் எவரும் உண்டாக்கிக்கொள்ளலாம். பதிவை யாரும் பார்த்து அங்கீகரிக்காமல் விட்டால், நல்லவரும் கெட்டவரும் ஒரே கதவால் நுழைவர். அதிலும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பக்கத்தைக் கேட்கும்போது நிரல் குறுக்கே நின்று, “பதிந்தவரா?” என்று பார்க்கிறது, சரி. ஆனால் அப்பக்கத்திலுள்ள புகைப்படமும் ஆவணமும் தனிக் கோப்புகளாக வேறோர் இடத்திற் கிடக்கின்றன. சாதாரண நிரல்கள் பல அவற்றைக் காப்பதில்லை. கோப்பின் முகவரி தெரிந்தவர் பெயரும் கொடாமல், கடவுச்சொல்லும் இல்லாமல் அதை நேரே எடுத்துக்கொள்வார். முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வளவு வேலியைப் பிரித்து வைத்த கதைதான்.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று தள்ளிவிட முடியாது. பூட்டு இல்லாத பெட்டியில் எவரும் நகையை வைப்பதில்லை. பூட்டு இருப்பதாக நம்பினால் வைத்துவிடுவர். முதல் நன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் பெயரோடும் பாடசாலையோடும் சேர்த்து ஏற்றுகிறார்கள். நோயாளருக்காகச் செபிக்கும் பட்டியலில் இன்னாருக்கு இன்ன வருத்தம் என்று எழுதுகிறார்கள். “பங்குச் சனம் மட்டும்தானே பார்க்கும்” என்ற நம்பிக்கை! அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் யார்? தளத்தை நடத்துபவர். ஆகவே பூட்டு எவ்வளவு பலம் என்பதைச் சோதித்து, உள்ளதை உள்ளபடி சொல்லும் கடமையும் அவருடையதே. பூட்டு சொற்பம் என்று தெரிந்தும் பேசாதிருப்பதை நான் பொய் என்றே சொல்வேன்.

காக்கவேண்டியதைக் காக்கத்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று நடந்த கொடுமைக்குப் பின், கோவில் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத் திருப்பலிக்குப் போனோம். வருத்தம் இருந்தது, ஆயினும் குறை சொல்லவில்லை. உள்ளே இருந்த உயிர்களுக்காக என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் பிறர் கெடுக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 220ஆம் பிரிவிற் சொல்கிறது. பிள்ளைகள், நோயாளர், இடருற்ற குடும்பங்கள் என்போரைப் பற்றிய விபரங்களுக்குப் பூட்டு வேண்டும். நல்ல பூட்டு வேண்டும். பலவற்றை ஏற்றாமலே விடுவது இன்னும் நல்லது.

ஆனால் மறையுரையையும் மறைக்கல்விப் பாடத்தையும் செபங்களையும் பூட்டி வைப்பது எதற்காக? “யார் வாசிக்கிறார்கள் என்று அறிய” என்பார்கள். அறிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் கூட்டத்தில் வாசித்து மகிழலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உழைத்து எழுதியவருக்குக் கூலி வேண்டுமெனில் அது நியாயம். அதை நேரே கேட்கலாம். இங்கிலாந்தின் ஹியர்போர்ட் பேராலயத்தில் சங்கிலியாற் பிணைத்த நூல்களை இன்றும் காணலாம். கையெழுத்து நூல் விலைமதிப்பற்ற பொருளாயிருந்த காலத்து வழக்கம் அது. நூல் களவு போகாமல் இருந்தால்தான் அடுத்தவருக்கும் வாசிக்கக் கிடைக்கும் என்று பிணைத்தார்கள். இணையத்தில் ஆயிரம் பேர் வாசித்தாலும் பாடம் குறைவதில்லை, களவும் போவதில்லை.

நிக்கதேம் இரவில் வந்தார். மதிப்புக்குரிய மனிதர், பலர் அறியாத நேரம் பார்த்து வந்தார். ஆண்டவர் அவரிடம், “முதலில் சீடராகப் பெயர் பதியும்” என்று சொல்லவில்லை, இருந்து பேசினார். இன்றும் அப்படி வருகிறவர்கள் உண்டு. குடியிலிருந்து மீள வழி தேடுபவர், மணவாழ்வு முறிந்தபின் நற்கருணை வாங்கலாமா என்று அறிய விரும்பும் பெண், இருபது வருடம் கோவிற் பக்கம் போகாதவர், பிற சமயத்தவர் ஒருவர். நள்ளிரவில் கைத்தொலைபேசியில் தேடி ஒரு பக்கத்தைக் கண்டடைகிறார்கள். ‘பதிவு செய்க’ என்று பெட்டி வருகிறது. சொந்தப் பங்கில், தெரிந்தவர் நடத்தும் தளத்தில், தன் பெயரை எழுதுவாரா? திரும்பிப் போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது.

எம் மக்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத்திலே பொலிஸ் பதிவு, குடும்ப விபரப் பட்டியல், சோதனைச் சாவடி என்று வாழ்ந்தவர்களுக்குப் ‘பதிவு’ என்ற சொல்லே இனிக்காது. பிறந்த திகதியும் தொலைபேசி இலக்கமும் எதற்கு என்று ஒரு முதியவர் கேட்டால் அவரைப் பழமைவாதி என்று சிரிக்கவேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கேள்வியும் அதுவே: எந்த நோக்கத்துக்காக வாங்குகிறாய், அதற்கு வேண்டியதை மட்டுமா வாங்குகிறாய்?

கடைசியாக, திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற விடயம். திருமுழுக்குப் புத்தகம் பங்குத் தந்தையின் பொறுப்பில் இருக்கிறது. அது வெளியார் கையிற் சிக்காமற் பார்க்கும்படி 535ஆம் பிரிவு அவரைப் பணிக்கிறது. ஆயரோ அவர் அனுப்பியவரோ பங்கை விசாரிக்க வரும்போது அப்புத்தகங்களைப் பார்வையிட வேண்டும். இணையத்தளத்திலே சேர்ந்த பெயர்களை அப்படிக் கேட்டுப் பார்ப்பவர் யார்? தளத்தை அமைத்த இளைஞர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போய்விடுகிறார். கடவுச்சொல் அவரோடு போகிறது. இருநூறு பேருடைய பெயரும் இலக்கமும் எங்கோ ஒரு கணினியில் இருக்கின்றன. அடுத்த விசாரணையின்போது, புத்தகங்கள் மேசைக்கு வரும் வேளையில், அந்தப் பட்டியலையும் கொண்டுவரும்படி யாராவது கேட்கட்டும்.