தெய்வமும் அரசனும் தொடாத இழப்பு

ஒருவர் தம் பொருளை மற்றொருவர் கையில் ஒப்படைத்து, குறித்த இடத்தில் குறித்த மனிதரிடம் சேர்க்கும்படி கூலியும் கொடுத்தபின் அது வழியில் தொலைந்துபோனால், அந்த இழப்பு யாரைச் சேரும் என்னும் கேள்வி இன்று கூரியர் நிறுவனங்களின் புகார்ப் பதிவு எண்ணாகச் சுருங்கிவிட்டது. தரும சாத்திரமும் யூதச் சட்டமும் இசுலாமியச் சட்டவியலும் இதே கேள்வியை மிகுந்த நுட்பத்தோடு ஆராய்ந்து வைத்திருக்கின்றன. அவ்வாராய்ச்சிகளில் இரண்டு வினாக்கள் தனித்தனியே நிற்பதைக் காணலாம்: பொருள் தொலையக் காரணமான குற்றம் யாருடையது என்பது ஒன்று, தொலைந்த பொருளின் விலையை யார் ஏற்பது என்பது மற்றொன்று. இன்றைய மனம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, குற்றவாளி அகப்படாத இடத்தில் பொறுப்பாளியும் இல்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறது. பழைய மரபுகளில் பெரும்பாலானவை அப்படி முடிவு கட்டவில்லை.

குப்தர் காலத்தை ஒட்டியதாகப் பொதுவாகக் கருதப்படும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, சுமப்பவன் கையில் அழிந்த சரக்கை அவனே ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்து, அரசனாலோ தெய்வத்தாலோ நேர்ந்த அழிவை மட்டும் அவ்விதியிலிருந்து விலக்குகிறது. நாரத ஸ்மிருதி சுமப்பவனது தவறு என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டாலும், விலக்குகளாக அதே இரண்டையே கூறுகிறது. இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது, மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் அடைக்கலப் பொருளைப் பற்றிச் சொல்வது. அடைக்கலப் பொருள் என்பது, வடமொழியில் நிட்சேபம் எனப்படுவது, நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காத்து வைக்கக் கொடுப்பதாகும். அதைக் கள்வர் கொண்டுபோனாலும், வெள்ளம் அடித்துச் சென்றாலும், தீ எரித்தாலும், காப்பவர் தாமே அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத வரையில், திருப்பித் தரவேண்டியதில்லை. ஆகவே நம்பிக்கையின் பேரில் காப்பவரைத் திருட்டு விடுவிக்கிறது. சுமப்பதையே தொழிலாகக் கொண்டவரை யாக்ஞவல்கியர் அவ்வாறு விடுவிப்பதில்லை.

இந்நூல்களை அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஓர் ஆங்கில நீதிபதி, 1703இல், ஏறத்தாழ இதே இரு விலக்குகளைச் சொன்னார் என்பது வியப்புக்குரியது. ‘கோக்ஸ் எதிர் பெர்னார்டு’ என்னும் அவ்வழக்கு, கூலி வாங்காமல் பிராந்திப் பீப்பாய்களை இடம் மாற்றித் தர முன்வந்தவர் கையில் பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனதைப் பற்றியது. தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட், அதைத் தீர்ப்பதோடு நில்லாமல், பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கும் நிலைகள் அனைத்தையும் வகைப்படுத்தி, ஊருக்குப் பொதுவாகக் கூலிக்குச் சரக்குச் சுமப்பவர், கடவுள் செயலாலும் அரசனின் பகைவராலும் நேரும் இழப்பைத் தவிர மற்ற எல்லா இழப்புக்கும் பொறுப்பாவார் என்று உரைத்தார். இது கடுமையான விதிதான் என்பதை அவரும் அறிந்திருந்தார். கடுமைக்கு அவர் காட்டிய காரணம், இவ்விதி இல்லாவிடில் சுமப்பவர்கள் கள்வரோடு கூடி, எவருக்கும் தெரியாத வகையில், தம்மை நம்பியவர்களின் பொருளைக் கவர்ந்துவிடக்கூடும் என்பது.

தெய்வம், அரசன் என்னும் இவ்விரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன? மனித ஆற்றலுக்கு மீறியவை என்பது வழக்கமான விடை. அது முழு விடையாகாது. வழிமறிக்கும் கொள்ளைக் கூட்டமும் தனி ஒரு வண்டிக்காரனின் ஆற்றலுக்கு மீறியதே; ஆயினும் ஹோல்ட் அதை விலக்காக ஏற்கவில்லை. வெள்ளம், புயல், போர், அரசின் பறிமுதல் ஆகியவை ஊரறிய நிகழ்பவை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அவை நிகழ்ந்தனவா என்பதை அறியப் பொருளை இழந்தவர் சுமந்தவரின் வாய்மொழியை நம்பி நிற்க வேண்டியதில்லை. மற்ற எல்லா இழப்பும் சுமப்பவரின் கைக்குள், பொருளுக்கு உரியவர் எட்டிப் பார்க்க இயலாத இடத்தில் நிகழ்கின்றன. அங்கு என்ன நடந்தது என்பதை மெய்ப்பிக்கும்படி உரியவரைக் கேட்பது, பார்க்க முடியாததற்குச் சாட்சி கேட்பதாகும். அதனால்தான் இந்தியாவில் 1865ஆம் ஆண்டின் சுமைகாரர் சட்டம், சரக்கை இழந்தவர் வழக்கிடும்போது சுமந்தவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே கூறியது. குற்றம் நோக்காத பொறுப்பு என்பது இவ்வகையில் சுமப்பவரைக் குற்றவாளியாக்குவதன்று. காண முடிந்தவர் ஒருவரும் காண முடியாதவர் ஒருவரும் இருக்கும்போது, ஐயத்தின் விலையைக் காண முடிந்தவர் தலையில் வைப்பதாகும்.

இதே இருட்டை வேறொரு கருவியால் கடக்க முயன்றது யூதச் சட்டம். யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம், காக்கக் கொடுத்த பொருள் திருட்டுப்போய், திருடன் அகப்படாவிட்டால், வீட்டுக்காரர் தாம் அயலாரின் பொருளில் கைவைக்கவில்லை என்று தெய்வ சந்நிதியில் நிலைநாட்ட வேண்டும் என்கிறது. இதனை விரித்த மிஷ்னா, அதாவது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற யூதச் சட்டத் தொகை, பொருளைக் கையில் வைத்திருப்போரை நால்வராகப் பிரிக்கிறது: கூலியின்றிக் காப்பவர், இரவல் வாங்கியவர், கூலிக்குக் காப்பவர், வாடகைக்கு எடுத்தவர். கூலியின்றிக் காப்பவர் எல்லா இழப்புக்கும் சத்தியம் செய்து விடுபடலாம். இரவல் வாங்கியவர் எல்லாவற்றுக்கும் ஈடு தர வேண்டும். மற்ற இருவரும் நடுவில் நிற்கிறார்கள்: விலங்கு காயம்பட்டாலோ, கொள்ளையரால் கவரப்பட்டாலோ, இறந்தாலோ சத்தியம் போதும், தொலைந்தாலும் திருட்டுப்போனாலும் விலை தந்தாக வேண்டும். காக்கவே கூலி வாங்கியவருக்குத் திருட்டு என்பது காவல் தவறியதன் மறுபெயர்தான். இன்றைய கூரியர் நிறுவனம் இவர்களில் மூன்றாமவர் இடத்தில் நிற்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இசுலாமியச் சட்டவியலில் இக்கேள்வி உண்மையான ஒரு கருத்து மோதலாகவே நடந்தது. ஒருவருக்கென்று அல்லாமல் பலருக்கும் வேலை செய்யும் சாயக்காரர், தையற்காரர், சுமைகாரர் போன்றோரைச் சட்டவியலார் பொதுக் கூலியாள் என்பர். அவர் கையிலுள்ள பொருள் அமானிதம், அதாவது நம்பிக்கைப் பொருள். ஆகையால் அவர் செயலால் கெட்டாலன்றி அவர் பொறுப்பாகார் என்றார் இமாம் அபூ ஹனீபா. அவருடைய மாணவர்களான அபூ யூசுபும் முகம்மது அல்-ஷைபானியும் அதற்கு உடன்படாமல், ஊரையே எரிக்கும் தீ போன்ற தவிர்க்க இயலாத கேடு தவிர மற்றவற்றுக்கு அவரே பொறுப்பு என்றனர். கலீபா அலி தொழிலாளரைப் பொறுப்பாக்கினார் என்றும், அப்படிச் செய்தாலன்றி மக்களின் காரியம் சீர்ப்படாது எனக் கருதினார் என்றும் ஒரு மரபு வழங்குகிறது. ஆசிரியர் தனிமனிதனின் நேர்மையைக் காத்தார். மாணவர்கள் கடைத்தெருவின் நம்பிக்கையைக் காத்தார்கள். இரண்டும் அறமே ஆயினும், முகமறியாதவர் முகமறியாதவர்க்குப் பொருள் அனுப்பும் உலகில் மாணவர்களின் பக்கமே வலிமை மிகுந்தது.

அரசனே சுமப்பவனாக மாறியபோது இக்கணக்கு தலைகீழானது. 1701இல் முடிந்த ‘லேன் எதிர் காட்டன்’ வழக்கில், லண்டன் அஞ்சலகத்தில் உறை பிரிக்கப்பட்டு அதிலிருந்த அரசுக் கருவூலப் பத்திரங்கள் களவுபோக, அஞ்சல் தலைவர்கள் அதற்குப் பொறுப்பல்லர் என்று நீதிபதிகளில் மூவர் கூற, ஹோல்ட் ஒருவரே மாறுபட்டார். 1778இல் நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவும் பெரும்பான்மையின் வழியையே உறுதி செய்தார். அஞ்சலில் பணம் அனுப்பியவர்கள் வங்கித் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின் மறுபாதியை அனுப்பும் பழக்கத்துக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்து ஆறாம் பிரிவு, இழப்பு, தவறான ஒப்படைப்பு, தாமதம், சேதம் ஆகிய நான்கிலிருந்தும், வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவைத் தவிர, அரசை விடுவித்தது; 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டமும், விதிகள் வகுக்கும் பொறுப்பு நீங்கலாக, அவ்விடுவிப்பைத் தொடர்கிறது. மிகக் குறைந்த கட்டணத்தில் கடைக்கோடிச் சிற்றூர் வரை செல்லும் பொதுச் சேவைக்கு இதில் ஒரு நியாயம் உண்டு. இலாபத்துக்காக நடக்கும் தனியார் நிறுவனம் அதே கவசத்தை ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளும்போது அந்த நியாயம் உடன் வருவதில்லை. ஆயினும் சட்டம் பெரும்பாலும் கையெழுத்தை மதிக்கிறது: பாரதி நிட்டிங் கம்பெனி தொடுத்த வழக்கில், ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவண உறை சேராதுபோனதற்கு, ரசீதில் கண்ட 100 டாலர் வரம்பையே 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சத்தியத்தின் இடத்துக்கு இன்று வந்திருப்பது கணினிப் பதிவு. பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்ற ஒரு வரியும், சில வேளைகளில் ஏதோ ஒரு வாசலின் நிழற்படமும், புகாருக்கு முழு மறுமொழியாகி விடுகின்றன. சத்தியம் செய்தவர் பொய் சொன்னால் தெய்வத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஊரார் முன் தம் பெயரையும் பணயம் வைத்தார். பதிவு செய்யும் இயந்திரத்துக்கு இழக்க ஒன்றுமில்லை; அதைக் காட்டி மறுமொழி எழுதுபவரோ பொருளைக் கண்ணால் கண்டவர் அல்லர். பெறுநரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கிய பின்னரே பொருளைத் தரும் முறை இதனினும் மேலானது. ஏனெனில் அதில் ஒப்படைப்புக்குச் சான்று பெறுநரிடமிருந்து வருகிறது.

வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல் களவுபோவதைப் பற்றிப் பேசும்போது, சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து வெள்ளிடை மன்றம் நினைவுக்கு வருவது இயல்பு. உரியவரின் பெயரும் குறியும் அளவும் பொறித்த பொதிகள் அங்கே கதவோ பூட்டோ காவலோ இன்றிக் கிடந்தன. திருடத் துணிந்தவர் கழுத்துக் கடுக்க அச்சுமையைத் தலையில் ஏற்றித் திரிய நேருமேயன்றி, அதைக் கொண்டுபோக இயலாது என்ற அச்சமே அவற்றைக் காத்தது. பொதியின் மேலுள்ள பெயர் அங்கே வெறும் முகவரியாக இல்லை; அது உரிமையை அறிவிக்கும் குரல். அந்த அச்சம் இன்று இல்லை. பெயர் மட்டும் இன்னும் பொதியின் மேல் இருக்கிறது. தவறான வீட்டில் சேர்ந்த பார்சலை வைத்திருப்பவரின் கடமை முழுவதும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

கண்டெடுத்த பொருளைப் பற்றிச் சமயங்கள் ஒருமித்துப் பேசவில்லை. உபாகமம், அயலாரின் தொலைந்த ஆட்டையோ மாட்டையோ ஆடையையோ கண்டவர் காணாததுபோல் ஒதுங்கிச் செல்லக் கூடாது என்கிறது. பௌத்தத் துறவியர்க்கான விநயமோ, விலையுயர்ந்த பொருளை எடுக்கவே கூடாது என்று தடுத்து, விகாரையிலோ தாம் தங்கும் இடத்திலோ கிடந்தால் மட்டும், உரியவர் வந்து பெறுவார் என்ற எண்ணத்தோடு எடுத்துக் காக்கும்படி பணிக்கிறது. அண்டை வீட்டாருக்கு உரிய பார்சல் ஒருவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டபின், எதிரெதிரான இவ்விரு விதிகளும் ஒரே கட்டளையாகின்றன. நபிமொழி மரபு, பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் கண்டுகொண்டு ஓராண்டு அறிவிக்கச் சொல்கிறது. சட்டவியலார் இதிலிருந்து பெற்ற முடிவு ஆழமானது: திருப்பித் தரும் எண்ணத்தோடு எடுத்தவர் கையில் அப்பொருள் அமானிதம், தாமே கொள்ளும் எண்ணத்தோடு எடுத்தவர் கையில் அது அபகரித்த பொருள். அதே மேசை மேல் பிரிக்கப்படாமல் கிடக்கும் அதே பெட்டி, வைத்திருப்பவரின் எண்ணம் மாறிய கணத்தில் வேறொரு பொருளாகிவிடுகிறது.

விற்பனையாளர் மறுபொருள் அனுப்பிவிட்டார், யாருக்கும் நட்டமில்லை என்ற சமாதானத்தையும் தல்மூது, அதாவது மிஷ்னாவின் மேல் எழுந்த பெரும் விவாதத் தொகை, முன்கூட்டியே ஆராய்ந்துவிட்டது என்று சொல்லலாம். உரியவர் நம்பிக்கையைக் கைவிட்டபின் கண்டெடுத்தால் பொருள் கண்டவருக்குச் சேரக்கூடும். ஆனால் தொலைந்தது என்பதே உரியவருக்கு இன்னும் தெரியாதபோது கண்டெடுத்தால்? தெரிந்தால் கைவிட்டிருப்பார் என்பதால் அது கைவிட்டதற்குச் சமம் என்றார் தல்மூது ஆசான் ராபா. அறியாதபோது கைவிடுதல் நிகழவே முடியாது என்றார் அபாயே. பெரும்பாலான விவாதங்களில் ராபாவையே பின்பற்றும் சட்டம், இதில் அபாயேயைப் பின்பற்றியது. தவறான கதவு தட்டப்படும் நேரத்தில், அனுப்பியவரும் பெறவேண்டியவரும் பார்சல் இன்னும் வழியில் வருகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வரும் ஈடு, முன்னால் நிகழ்ந்த கையகப்படுத்தலைச் சுத்தமாக்குவதில்லை.

எஞ்சியிருப்பது, உண்மையில் பொதியைத் தூக்கி வருபவரைப் பற்றிய கேள்வி. குற்றம் நோக்காத பொறுப்பு, கவனமின்றிக் கையாளப்பட்டால், நிறுவனத்தின் தலையில் நிற்காமல் டெலிவரி ஊழியரின் கூலிப் பிடித்தமாக இறங்கிவிடும். ஓர் அறிஞரின் மதுப் பீப்பாயைச் சுமைதூக்குவோர் உடைத்துவிட, அவர் ஈடாக அவர்களது மேலாடைகளைப் பறித்துக்கொண்ட கதை தல்மூதில் உண்டு. மூன்றாம் நூற்றாண்டுப் பாபிலோனிய ஆசான் ராவ், ஆடைகளைத் திருப்பித் தரச் சொன்னார்; இதுதான் சட்டமா என்று கேட்டபோது ஆம் என்றார். நாளெல்லாம் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்று அவர்கள் முறையிடவே, கூலியையும் கொடுக்கச் சொன்னார். இதுவும் சட்டமா என்ற கேள்விக்கும் ஆம் என்றே விடை வந்தது. ராவ் கூறியது சட்டமா, சட்டத்துக்கு மேற்பட்ட நன்னெறியா என்று பிற்கால உரையாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அக்கதையில் பொருளை இழந்தவரும் கூலி தரவேண்டியவரும் ஒருவரே. அதனால் ஏழையின் பசியைத் தீர்க்க, இழந்தவர் மேலும் இழக்க வேண்டியிருந்தது. கூரியர் காலத்தில் பொருளை இழந்தவருக்கும் சுமந்தவருக்கும் இடையே, ஒவ்வொரு பொதிக்கும் கட்டணம் பெறும் மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். எத்தனையில் ஒன்று தொலையும் என்பதைத் தம் கணக்கிலிருந்தே அறிந்து, அதைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள வல்லவரும் அவரே. பொருளின் விலையையும் சுமந்தவரின் கூலியையும் அந்த ஒரே பணப்பையிலிருந்து பெறலாம் என்பதால், ராவை நெருக்கிய தேர்வு இங்கு எழுவதே இல்லை.