போரை ஏற்காதவர் போர்வீரருக்கு உதவலாமா?

 



பிரிட்டனில் வாழும் நம் சகோதரர் ஒருவர் ஒரு மஸ்அலா கேட்டிருந்தார். அவர் ஊரில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு நிதி திரட்ட ஒரு நடைப்பயணம் நடக்கிறது. குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். பக்கத்து வீட்டார் அழைக்கிறார்கள். பிள்ளைகளும் பள்ளித் தோழர்களோடு போக ஆசைப்படுகிறார்கள். "ஹஜ்ரத், இந்த ராணுவம்தானே இராக்கிற்குப் போனது? இவர்களுக்காக நான் நடந்தால், நாளை மறுமையில் இராக்கின் யத்தீம்களுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இது ஈமானுள்ள உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

2003-ல் நடந்த இராக் படையெடுப்பை நாம் மட்டும் தவறு என்று சொல்லவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று அதை எதிர்த்து லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அமைதி வழிகள் முழுவதும் முயன்று பார்க்கப்படும் முன்பே படையெடுப்பு நடந்தது என்று 2016-ல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கையும் சொன்னது. ஆக, அநீதியை அநீதி என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சகோதரர்களே! நடைப்பயணத்தில் திரளும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் 2007-ல் 'ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்' தொடங்கியது. 2010-ல் 'வாக்கிங் வித் தி வூண்டட்' தொடங்கியது. இப்படிப்பட்ட அமைப்புகள் உதவுவது காயத்தோடும் மனநோயோடும் வீடு திரும்பியவர்களுக்கு, வேலையின்றித் தவிப்பவர்களுக்கு. அந்த நாட்டில் பெற்றோர் சம்மதித்தால் 16 வயதிலேயே ராணுவத்தில் சேரலாம். போரை முடிவு செய்தவர்கள் வேறு. அதில் கால் இழந்தவர்கள் வேறு.

இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்களின் ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வை இழந்த ஒரு முதியவர் வீட்டு வாசலில் யாசகம் கேட்டு நிற்கிறார். விசாரித்தால், அவர் யூதர். ஜிஸ்யாவும் வறுமையும் முதுமையும் தம்மை இந்த நிலைக்குக் கொண்டு வந்ததாகச் சொல்கிறார். உமர் (ரலி) அவர் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல் மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவர் போன்றவர்களையும் கவனிக்கச் சொன்னார்கள். ஒருவரின் வாலிபத்தைப் பயன்படுத்திவிட்டு, வயோதிகத்தில் அவரைக் கைவிடுவது நீதியல்ல என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அவர் எந்த மார்க்கம் என்பது உதவிக்குத் தடையாகவில்லை. அந்த உதவி அவருடைய மார்க்கத்தை ஏற்றதாகவும் ஆகவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். உமர் (ரலி) தம் கையால் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. அதை அரசின் கடமையாக ஆக்கினார்கள். வாலிபத்தை எடுத்துக்கொண்ட அரசுதான் முதலில் கொடுக்க வேண்டும். நடைப்பயணம் அந்தக் கடமையை அரசுக்கு மறக்கடித்துவிடக் கூடாது.

"அந்த முதியவர் நம்மோடு போரிடவில்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். சரி, துமாமா பின் உஸால் (ரலி) அவர்களைப் பாருங்கள். இஸ்லாத்தை ஏற்றதும் அவர்கள், யமாமாவிலிருந்து மக்காவுக்குப் போன தானியத்தை நிறுத்திவிட்டார்கள். மக்காவாசிகள் பசியில் வாடினார்கள். நபியவர்களை ஊரைவிட்டு விரட்டியவர்கள், பத்ரிலும் உஹதிலும் வாளோடு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் முறையிட்டபோது, தானியத்தை அனுப்பும்படி நபி (ஸல்) துமாமாவுக்கு எழுதினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அந்தத் தானியம் குறைஷிகளின் அநியாயத்தை நியாயமாக்கியதா? இல்லை. பசித்த வயிற்றை நிரப்பியது, அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று சூரத்துல் மாஇதாவின் 8-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நேசிப்பவரிடம் நீதியாக நடப்பது எளிது. வெறுப்பு இருக்கும் இடத்தில்தான் தக்வாவுக்குப் பரீட்சை.

ஆகவே அந்தச் சகோதரருக்கு என் பதில்: நடக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பேணிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிய்யத். துன்பத்தில் இருக்கும் அல்லாஹ்வின் அடியாருக்காக நடக்கிறேன் என்று நிய்யத் செய்யுங்கள். அந்த நிகழ்ச்சி போரைப் புகழும் மேடையாக இருந்தால், அதற்குப் போகாமல் உதவியை மட்டும் வேறு வழியில் சேருங்கள். ஜகாத் பணத்தை இதில் சேர்க்காதீர்கள், அதற்குரியவர்கள் வேறு. உபரியான ஸதகாவிலிருந்து கொடுங்கள்.

இரண்டாவது, அமானத். 2020-ல் முன்னாள் ராணுவ வீரர் கேப்டன் டாம் மூர், தமது 100-வது பிறந்த நாளுக்கு முன் தம் தோட்டத்தில் 100 சுற்று நடந்து, மருத்துவ சேவைக்காக 3 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார். அந்தப் பணம் உரிய இடத்துக்குப் போனது. ஆனால் பின்னர் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையால் அவர் குடும்பத்தினர் ஆதாயம் அடைந்ததாக 2024-ல் சாரிட்டி கமிஷன் அறிக்கை வெளியிட்டது. நல்ல நடைக்குப் பின்னாலும் கணக்கு வேண்டும். இங்கிலாந்தில் பதிவான அறக்கட்டளைகளின் கணக்கை சாரிட்டி கமிஷன் வலைதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, மீஸான். ஒரு தட்டில் மட்டும் வைக்காதீர்கள். இந்த வீரருக்காக நடந்த கால்கள், அந்தப் போரில் தந்தையை இழந்த இராக் குழந்தைக்காகவும் நடக்கட்டும். அன்று எவ்வளவு கொடுத்தீர்களோ, அதைவிடக் குறையாமல் அந்த யத்தீமுக்கும் ஒதுக்குங்கள். மறுமையில் அந்தக் குழந்தைக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.

பெற்றோர்களே! வழியில் பிள்ளை கேட்கும்: "அத்தா, இவங்க நல்லவங்களா?" அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். "அந்தப் போர் தப்பு. இவருக்கு வலிக்குது. ரெண்டும் உண்மைதான் கண்ணு" என்று சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துத் தாங்கப் பழகிய பிள்ளை, நாளை எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அநியாயத்துக்குத் துணை போகாது, இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களில் நீதியையும் இரக்கத்தையும் ஒன்றாக வாழச் செய்வானாக! போர்களின் வாசல்களை மூடி, அவற்றால் காயப்பட்ட அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.